ஜேன் ஆடம்ஸ் அம்மையார்
குழந்தைகளின் சேவைக்கு ஆள் திரட்டிய மாது

பொதுநலத்துக்கு உழைப்பவர்களிடத்தில் பெரும்பாலும் காணப்படும் குறை ஒன்று உண்டு. ஒரு கொடுமையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்வதிலும், அதை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்று வாதாடுவதிலும் நாம் காட்டும் ஊக்கத்தை, சட்டம் பிறந்த பிறகு அதை நடத்தி வைப்பதற்கு ஆட்களைத் தேடுவதில் காட்டுவதில்லை. தேடிய ஆட்களை விலகாமல் காப்பதிலோ கொஞ்சமும் கவலை கொள்வதில்லை. குழந்தைகளின் விஷயத்தில் இக்குறை பெருந்தீங்காக முடிகிறது. வளர்ந்தவனுக்கு இழைக்கப்படும் அநீதியை அவனே எடுத்துச் சொல்லுவான், சங்கம் கூட்டுவான், வாக்குச் சீட்டைக் கொண்டு பழி தீர்ப்பான். திக்கற்ற குழந்தைக்கு வாயில்லை. அதன் வீட்டுக்கு நேரில் சென்று, அதன் நிலையைக் கண்டு, நாள்தோறும் அதன் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இருந்தாலன்றி, அதற்கென இயற்றப்பட்ட சட்டம் காகிதமே.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அத்தகைய ஆட்களைச் சேர்ப்பதிலும், பயிற்றுவதிலும், நிலைக்கச் செய்வதிலும் செலவிட்டவர் அமெரிக்க மாதரசியாகிய ஜேன் ஆடம்ஸ் அம்மையார். சமாதானத்துக்காக நோபெல் பரிசு பெற்றவர் என்ற அளவில் உலகம் அவரை அறியும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய பாடம் பரிசில் இல்லை. சிகாகோ நகரத்தின் ஏழைத் தெரு ஒன்றில், பழைய மாளிகையொன்றில், நாற்பத்தாறு வருஷ காலம் அவர் நடத்திய குடித்தனத்தில் இருக்கிறது.

சிகாகோ என்றதும் தமிழருக்கு விவேகானந்த சுவாமிகளின் நினைவு வருவது இயல்பு. சென்னை இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி அவரை அனுப்பியதும், 1893-ஆம் வருஷம் அந்நகரில் கூடிய சர்வமத மகாசபையில் அவர் புகழ் பெற்றதும் நாம் பெருமையுடன் போற்றும் வரலாறு. ஆனால் அச்சபை கூடிய மண்டபத்துக்கு வெளியே வேறொரு சிகாகோவும் இருந்தது. இத்தாலி, ஜெர்மனி, ருஷியா, பொஹீமியா முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்த லக்ஷக்கணக்கான ஏழைகள், சாக்கடையும் குப்பையும் நிறைந்த தெருக்களில், மரத்தாற் கட்டிய அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் பள்ளிக்கூடத்தைக் காணாமல் தொழிற்சாலைகளில் தேய்ந்தார்கள். அந்தச் சிகாகோவே ஆடம்ஸ் அம்மையாரின் கர்மபூமி.

அவர் 1860-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 6-ந் தேதி, இல்லினாய் மாகாணத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஆடம்ஸ் செல்வர். மாவு ஆலைகளுக்கு உடையவர். மாகாண சட்டசபையில் நெடுங்காலம் அங்கம் வகித்தவர். ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். ஜேன் இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். தாயற்ற அக்குழந்தைக்கு முதுகெலும்பில் நோயும் கண்டது. தந்தையின் நேர்மையும் லிங்கனின் நினைவுமே அவருடைய இளமைக்கு இரு விளக்குகளாக இருந்தன.

1881-ஆம் வருஷம் ராக்போர்டு கலாசாலையில் அவர் படிப்பை முடித்தார். அதே வருஷத்தில் தந்தையார் காலமானார். வைத்தியம் கற்று ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமென்று பிலடெல்பியாவிலுள்ள மாதர் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். முதுகு நோய் முற்றி அவரைப் படுக்கையில் வீழ்த்தியதால் அந்தப் படிப்பும் நின்றது. பிறகு வந்த ஏழெட்டு வருஷங்கள் அவருக்குப் பெருந்துன்பமானவை. கையில் செல்வம் இருந்தது, அறிவு இருந்தது, செய்வதற்கு வேலை இல்லை. படித்த பெண் என்றால், விருந்துக்குப் போவதும், ஐரோப்பாவுக்கு யாத்திரை செய்வதும், சித்திரங்களைக் கண்டு வியப்பதும் தவிர வேறொன்றும் அவளுக்கு உரியதன்று என்று அக்காலத்துச் சமூகம் கருதிற்று.

இந்த யாத்திரைகளில் இரண்டு காட்சிகள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. 1883-ஆம் வருஷம் லண்டனின் கிழக்குப் பகுதியில், சனிக்கிழமை நள்ளிரவில், அழுகிய காய்கறிகளை ஏலத்தில் விற்பதைக் கண்டார். விளக்கொளியில் எண்ணிறந்த கைகள் அவற்றுக்காக நீண்டன. முட்டைக்கோசு ஒன்றைப் பெற்ற ஒருவன், தெருவோரத்திலேயே உட்கார்ந்து அதைப் பச்சையாகத் தின்றான். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு ஸ்பெயின் தேசத்தில் மாட்டுச் சண்டையொன்றைப் பார்த்தார். உடன் வந்த தோழியர் பொறுக்க மாட்டாமல் எழுந்து போய்விட்டனர். ஆடம்ஸ் மட்டும் எருதுகளும் குதிரைகளும் மடிவதைச் சலனமின்றிப் பார்த்துக் கொண்டிருந்தார். அன்றிரவு தம் உள்ளம் மரத்துப்போனதை எண்ணி அவருக்கே வெட்கம் உண்டாயிற்று. என்றோ ஒருநாள் ஏழைகளுக்கு உழைக்கப் போகிறோம் என்னும் கனவே, இன்று ஒன்றும் செய்யாதிருப்பதற்குச் சாக்காகிவிட்டதை உணர்ந்தார். மறுநாளே தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்பவரிடம் எண்ணத்தை வெளியிட்டார். லண்டனில் சர்வகலாசாலை இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டு செய்யும் டாயின்பீ ஹால் என்னும் நிலையத்தைச் சென்று கண்டார். அதைப் போன்ற ஒன்றைச் சிகாகோவில் தொடங்குவதென்று உறுதி செய்தார்.

1889-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி, இவ்விரு தோழியரும் ஒரு வேலைக்காரியுடன் ஹால்ஸ்டெட் தெருவிலுள்ள ஹல் மாளிகையில் குடியேறினார்கள். ஹல் என்ற செல்வர் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கட்டிய வீடு அது. ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டதால் சேரிகளின் நடுவே அகப்பட்டிருந்தது. முதலில் அங்கே நடந்தது குழந்தைகளின் காரியமே. சிறு குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று ஆரம்பமாயிற்று. நகரத்துச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி நாள்தோறும் வந்து சம்பளமின்றி அதை நடத்தினாள்.

அக்கம்பக்கத்தில் குடியிருப்போரோடு பழகப் பழக, கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. தாய்மார் காலையில் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை வீட்டில் வைத்துப் பூட்டிச் சென்றார்கள். அந்த முதற் கோடையிலேயே அங்கம் குறைந்த மூன்று குழந்தைகளை அம்மையார் கண்டார். ஒன்று மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்று தீயிற் சுட்டுக்கொண்டது. மற்றொன்று, நாள் முழுதும் சமையலறை மேஜையின் காலோடு கட்டிப் போடப்பட்டதால் முதுகு வளைந்துபோனது. முதலாவது கிறிஸ்துமஸ் பண்டிகையில் குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கியபோது சில சிறுமிகள் அதை வாங்க மறுத்தார்கள். காரணம் விசாரித்ததில், ஆறு வாரமாக அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையில் உழைத்திருந்ததாகவும், அதைக் கண்ணாற் காணவும் சகிக்கவில்லையென்றும் தெரிந்தது. அப்பகுதியிலிருந்த தொழிற்சாலையொன்றில் ஒரே யந்திரத்தில் மூன்று சிறுவர்கள் காயமடைந்தார்கள். அவர்களுள் ஒருவன் மாண்டான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் அம்மரணம் நேர்ந்திராது. முதலாளிகள் அதை உணர்ந்து வருந்துவார்களென்று அம்மையார் எதிர்பார்த்துச் சென்றார், ஒன்றும் நடக்கவில்லை.

இவ்வளவு துன்பத்துக்கும் இரண்டு பெண்கள் என்ன செய்ய முடியும்? இந்த இடத்திலேதான் ஆடம்ஸ் அம்மையாரின் மேதை விளங்குகிறது. அவர் பணத்தைவிட ஆட்களைப் பெரிதாக மதித்தார். ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்பதையும் தம் அனுபவத்தைக் கொண்டே கண்டறிந்தார். கலாசாலைகளில் படித்து வெளியேறி, செய்வதற்குத் தகுந்த காரியமின்றி வாடும் இளம்பெண்கள் நாடெங்கும் இருந்தனர். ஏழைகளுக்கு அவர்களுடைய உதவி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அவர்களுக்கு ஏழைகளின் நடுவே வேலை என்று 1892-ஆம் வருஷத்தில் அவர் ஒரு சொற்பொழிவில் விளக்கினார். தொண்டுக்கு வருபவரைத் தியாகிகளென்று புகழ்ந்து அழைப்பது அவர் வழக்கமன்று. வாழ்க்கைக்கு ஒரு பொருள் தேடுபவர்கள் வருக என்றே அழைத்தார். புகழை நாடி வருபவன் புகழ் குறைந்ததும் போய்விடுவான். வேலையை நாடி வருபவன் வேலை உள்ளவரையில் இருப்பான். குழந்தைகளின் வேலையோ முடிவதில்லை.

வந்தவர்களை உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஹல் மாளிகையில் தங்க விரும்புபவர் முதலில் ஆறு வாரம் பரீக்ஷார்த்தமாக இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் அவருக்கு எல்லா உரிமைகளும் உண்டு. அங்கத்தினர் கூட்டத்தில் வாக்கு மட்டும் இல்லை. ஆறு வாரம் கழித்து, அவரால் நிலையத்துக்குப் பயன் உண்டென்று கண்டால், இன்னும் ஆறு மாதமாவது தங்கக் கூடியவராயின், தங்கும்படி கேட்டுக்கொள்வார்கள். குழந்தை ஒன்றோடு பழகி அதன் நம்பிக்கையைப் பெற்றபின் திடீரென்று மறைந்துவிடும் ஊழியரால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி இது. காரியங்களை அம்மையார் தனியாகத் தீர்மானிக்கவில்லை. அங்கத்தினர் கூடி முடிவு செய்தார்கள். சாப்பாட்டுச் செலவைக் கூட்டுறவு முறையில் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். மாலையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உண்டார்கள். பகலில் கண்ட கொடுமைகளை அங்கே ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து, மறுநாளைக்கு வழி தேடினார்கள். துக்கத்தைத் தனியே சுமந்தவன் சோர்ந்து விழுகிறான் என்பது எல்லா இயக்கங்களும் கண்ட அனுபவம். அந்த மேஜையைச் சுற்றியிருந்தவர்களில் பலர் பல்லாண்டுகள் அங்கேயே தங்கியது அதனால்தான்.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. தம் செலவைத் தாமே கொடுத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள்தானே இங்கு வந்து தங்க முடியும்? திறமை இருந்தும் பொருளில்லாத பெண்கள் என்ன செய்வது? அம்மையார் இதைக் கண்டு, செல்வர்களிடமும் பட்டதாரி மாதர் சங்கத்தினிடமும் உதவி பெற்று, சிலருக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். தொண்டர்களுக்கும் வயிறு உண்டென்பதை ஒப்புக்கொள்வதில் அவர் வெட்கப்படவில்லை.

இதற்குச் சிறந்த உதாரணம் பிளாரன்ஸ் கெல்லி அம்மையாரின் வரலாறு. 1891-ஆம் வருஷத்தின் முடிவில், கணவனுடைய கொடுமைக்குத் தப்பி மூன்று குழந்தைகளோடு சிகாகோவுக்கு வந்து, ஹல் மாளிகையின் கதவைத் தட்டினார் கெல்லி. மகா மேதாவி, ஆனால் சம்பாத்தியம் இல்லை, குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகவும் இயலாது. ஆடம்ஸ் அம்மையார் அவரைத் தியாகம் செய்யும்படி உபதேசிக்கவில்லை. நகரத்துக்கு வெளியே தம் நண்பர் ஒருவருடைய குடும்பத்தில் குழந்தைகள் தங்கி வளர ஏற்பாடு செய்தார். கெல்லிக்கு வேலையும் கொடுத்தார். அதன் பயனை இல்லினாய் மாகாணம் இரண்டே வருஷத்தில் அடைந்தது. தையற் கொட்டடிகளில் குழந்தைகள் படும் பாட்டைக் கெல்லி ஆராய்ந்து வெளியிட்டார். அதன் விளைவாக 1893-இல், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் அமர்த்தக் கூடாதென்று சட்டம் பிறந்தது. கவர்னர் ஆல்ட்கெல்டு, கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக நியமித்தார். அவரையும் சேர்த்துப் பன்னிருவர் அந்த இலாகாவில் இருந்தனர். அவர்கள் தயக்கமின்றி வழக்குத் தொடர்ந்து சட்டத்துக்கு உயிர் கொடுத்தார்கள்.

ஆனால் 1897-இல் புதிய கவர்னர் வந்தார்; கெல்லி நீக்கப்பட்டார். அந்த ஸ்தானத்தில், நெடுங்காலம் கண்ணாடித் தொழிற்சாலையொன்றில் ஊழியம் பார்த்த ஒருவர் உட்கார்த்தி வைக்கப்பட்டார். கண்ணாடித் தொழிற்சாலைகளோ சிறுவர்களின் உழைப்பைப் பெரிதும் நம்பியவை. சட்டத்தின் எழுத்து அப்படியே இருந்தது. அதற்கு உயிரூட்டிய ஆட்கள் போய்விட்டார்கள். குழந்தைகளைக் காக்கும் உத்தியோகங்கள் கட்சிக்காரர்களுக்கு அளிக்கும் வெகுமதியாக இருக்கும்வரையில் எந்தச் சட்டமும் பயன்படாது என்னும் பாடத்தை ஆடம்ஸ் அம்மையார் அன்று கற்றார்.

அவர் தாமும் ஓர் உத்தியோகம் வகித்ததுண்டு. தெருவில் குவிந்த குப்பையால் குழந்தைகள் நோயுற்று மாள்வதைக் கண்டு, குப்பை வாரும் கண்டிராக்டைத் தமக்குக் கொடுக்கும்படி நகரசபைக்கு மனுப் போட்டார். அது தள்ளப்பட்டது, ஆனால் 1895-இல் மேயர் அவரையே அந்த வார்டுக்குக் குப்பை இன்ஸ்பெக்டராக நியமித்தார். வருஷம் ஆயிரம் டாலர் சம்பளம். விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் தெருத்தெருவாகச் சென்றார் அந்த மாதரசி. வழி உண்டான பிறகு, உடனிருந்த இளம் பட்டதாரி ஒருத்தியிடம் அவ்வேலையை ஒப்படைத்துவிட்டு, தாம் அடுத்த காரியத்துக்குச் சென்றார். ஒரு வேலையைத் தாம் தொடங்குவது, அதற்கு ஆளைப் பழக்குவது, பின்பு விலகிக்கொள்வது: இது அவருடைய நிரந்தரமான முறையாயிற்று.

1896-ஆம் வருஷம் அவர் ருஷியாவுக்குச் சென்று டால்ஸ்டாய் முனிவரைத் தரிசித்தார். வயலில் உழைத்துவிட்டு வந்த அம்முனிவர், அம்மையாரின் உடையில் அக்காலத்து நாகரிகப்படி அகன்றிருந்த கையைப் பிடித்து, ஒரு சிறுமிக்குச் சட்டை தைக்கத் தக்க துணி இதில் வீணாகிறதே என்று கடிந்துகொண்டார். தம் உணவைத் தாமே உழைத்துத் தேடாமல் ஏழைகளுக்கு உதவுவதெப்படி என்றும் கேட்டார். காந்தியடிகளின் உள்ளத்தை மாற்றிய அதே போதனை அம்மையாரையும் உலுக்கியது. ஊருக்குத் திரும்பியதும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவதென்று விரதம் பூண்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, காத்திருக்கும் ஏழைகளையும், பிரிக்கப்படாத கடிதங்களையும், கேட்பாரற்ற குறைகளையும் கண்டார். இவர்களையெல்லாம் காக்கவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ரொட்டி சுட்டுத் தம் ஆத்மாவை ரக்ஷித்துக்கொள்வது அவருக்கு அபத்தமாகத் தோன்றிற்று. விரதத்தைக் கைவிட்டார். டால்ஸ்டாயின் கொள்கையில் பற்றுள்ள நம்மவர் பலர் இதைத் தளர்ச்சியென்று கருதக்கூடும். ஊழியனுக்குத் தன் புனிதத்தைவிடத் தன்னை எதிர்பார்த்து நிற்பவனே முக்கியமென்று துணிந்ததாகவே நாம் இதைக் கொள்கிறோம்.

இனி, அவருடைய கூட்டத்தார் செய்த காரியங்களுள் உலகத்துக்கே வழிகாட்டியான ஒன்றைச் சொல்லவேண்டும். அந்நாளில் ரயில் பாதையில் கரி பொறுக்கிய சிறுவனும், கடையில் பண்டம் திருடிய சிறுவனும், தேர்ந்த குற்றவாளிகளோடு ஒரே சிறையில் அடைபட்டார்கள். இதை மாற்றுவதற்காகச் சிகாகோ மாதர் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக, 1899-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உலகத்தின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் அந்நகரில் திறக்கப்பட்டது. குழந்தையைத் தண்டிப்பதை விட்டு, அதன் வீட்டையும் நிலையையும் அறிந்து, நன்னடத்தை அதிகாரி ஒருவருடைய கண்காணிப்பில் அதைத் திருத்துவது அந்நீதிமன்றத்தின் நோக்கம். ஆகவே, அம்முறை முழுவதும் நன்னடத்தை அதிகாரியையே அச்சாணியாகக் கொண்டு சுழல்வது. ஆனால் சட்டசபையார் செய்ததைக் கேளுங்கள்: அந்த அதிகாரிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு காசும் சம்பளம் கொடுக்கக் கூடாதென்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள்! தேரைக் கட்டி அச்சாணியை மறந்த கதை இது.

முதலாவது நன்னடத்தை அதிகாரியாக அமர்ந்தவர் ஹல் மாளிகையில் வசித்த அல்சீனா ஸ்டீவன்ஸ் அம்மையார். பதின்மூன்று வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குச் சென்று, யந்திரத்துக்கு வலது கை விரலொன்றைப் பறிகொடுத்தவர். குழந்தை உழைப்பின் கொடுமையை அவருக்கு ஒருவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. அவர் 1900-ஆம் வருஷத்திலேயே காலமாகிவிட்டார். ஓர் உத்தம ஊழியரை நம்பி ஒரு முறையை நிறுத்தினால், அவர் மறைந்ததும் அம்முறையும் ஆட்டங்காணும் என்பது தெரிந்தது. ஜூலியா லாத்ராப் அம்மையாரின் தலைமையில் மாதர் கமிட்டி ஒன்று அமைந்தது. அவருக்குப் பின் லூயி போவன் அம்மையார் தலைமை வகித்தார். வீடு வீடாகவும் சங்கம் சங்கமாகவும் சென்று நிதி திரட்டி, நன்னடத்தை அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். நீதிமன்றத்தின் கட்டளையை எதிர்பார்த்திருக்கும் குழந்தைகள் தங்குவதற்கு விடுதியும் நடத்தினார்கள். சில வருஷங்களில் கவுண்டி சர்க்காரே இச்செலவை ஏற்கும்படி செய்து, போட்டிப் பரீக்ஷை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் ஏற்படுத்தினார்கள். தருமமாகத் தொடங்கியதைச் சர்க்காரின் கடமையாக மாற்றும் வரையில் அவர்கள் ஓயவில்லை.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, தொழில் தெரியவேண்டும். தாய் குடிகாரியானால் குழந்தையைப் பிரிப்பதா, தாயைத் திருத்துவதா? சிறுவன் பொய் சொல்வது பயத்தாலா, பழக்கத்தாலா? இவை பயிற்சி பெற்ற கண்ணுக்கே புலப்படும். 1903-இல் கிரேஹாம் டெய்லர் என்னும் பெரியார் சமூக ஊழியர்களுக்காகத் தொடங்கிய வகுப்புகள் ஒரு கலாசாலையாக வளர்ந்தன. லாத்ராப் முதலிய ஹல் மாளிகையார் அதில் போதித்தார்கள். 1920-இல் அது சிகாகோ சர்வகலாசாலையோடு இணைந்தது. 1924-இல் ஹல் மாளிகையில் வசித்த ஈடித் அபட் அம்மையார் அதன் தலைவரானார். சமூக ஊழியம் சாவகாசமுள்ளவர்களின் பொழுதுபோக்கென்னும் நிலை மாறி, வைத்தியமும் வக்கீல் தொழிலும்போல் கற்றுத் தேறவேண்டிய தொழிலாயிற்று. தொழிலென்று மதிப்பு வந்த பிறகே அதை ஆயுள் முழுதும் செய்ய ஆட்கள் துணிந்தார்கள்.

லாத்ராப் அம்மையாரின் வாழ்க்கை, ஆடம்ஸின் முறைக்கு ஒரு முத்திரை. 1890-இல் ஹல் மாளிகைக்கு வந்த அவர், மாகாணத் தரும பரிபாலன சபையில் அங்கத்தினராகி, இல்லினாயின் 102 கவுண்டிகளிலும் உள்ள ஏழை விடுதிகளையும் சிறைகளையும் நேரில் பார்வையிட்டார். அந்த ஸ்தாபனங்களில் கட்சிக்காரர்கள் உத்தியோகம் பெறுவதைக் கண்டித்து 1901-இல் பதவியைத் துறந்தார். 1912-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார் குழந்தைகள் இலாகாவை ஏற்படுத்தியபோது, அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவர் அவரே. அந்நாட்டு மத்திய சர்க்காரின் இலாகாவொன்றுக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணியும் அவரே. தொடக்கத்தில் அந்த இலாகாவில் பதினைந்து பேரே இருந்தனர். எனினும் குழந்தைகள் ஏன் மடிகின்றன என்பதை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, தந்தையின் கூலி குறையக் குறையச் சிசு மரணம் பெருகுகிறது என்பதை நிரூபித்தார்கள். 1921-இல் அவர் விலகியபோது அந்த ஸ்தானத்துக்கு வந்த கிரேஸ் அபட் அம்மையாரும் ஹல் மாளிகையில் வாழ்ந்தவர். ஒருவர் விலகும்போது அடுத்தவர் ஆயத்தமாக நின்றது தற்செயலன்று. முப்பது வருஷம் நாற்றங்கால் இட்டு வளர்த்ததன் விளைவு.

ஆடம்ஸ் அம்மையாருக்குப் புகழ் மட்டுமே கிடைத்ததென்று எண்ணவேண்டாம். முதல் உலக யுத்தத்தை அவர் எதிர்த்தார். 1915-இல் ஹேக் நகரில் கூடிய மாதர் மகாநாட்டுக்குத் தலைமை வகித்து, போரிடும் தேசங்களின் மந்திரிகளை நேரில் கண்டு சமாதானம் வேண்டினார். தேசமெங்கும் அவரைத் துரோகியென்று தூற்றினார்கள். நேற்றுவரை போற்றிய பத்திரிகைகள் இகழ்ந்தன. நிதி கொடுத்தவர் பலர் கதவை அடைத்தனர். அந்நாட்களிலும் ஹல் மாளிகையின் கதவு அடைபடவில்லை, குழந்தைகள் வந்துகொண்டேயிருந்தார்கள். 1923-இல் அவர் உலக யாத்திரை செய்தபோது நம் தேசத்துக்கும் வந்தார். அப்பொழுது காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்தார்.

1931-ஆம் வருஷத்துச் சமாதான நோபெல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மர்ரே பட்லருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1935-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி அம்மையார் சிகாகோவில் காலமானார். இறக்கும்வரையில் அவர் ஹல் மாளிகையின் தலைமைப் பொறுப்பை விடவில்லை. பிறந்த ஊராகிய சீடர்வில்லில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த மாளிகை இன்று பொருட்காட்சி சாலையாக நிற்கிறது. அவர் பெயரால் நடந்துவந்த ஸ்தாபனம், நிதியில்லாமல் 2012-ஆம் வருஷம் ஜனவரியில் மூடப்பட்டது. கட்டடம் நின்றது, ஊழியர்கள் கலைந்தார்கள். ஆட்களைக் காக்கும் முயற்சி ஒரு தலைமுறையோடு முடிவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதலில் பிறந்தது சென்னையில், 1920-ஆம் வருஷத்தில். சிகாகோவில் ஏற்றிய விளக்கின் ஒளி அதிலும் படிந்திருந்தது. சமூக ஊழியத்தைத் தொழிலாகக் கற்பிக்க 1936-இல் பம்பாயில் ஏற்பட்ட டாட்டா கலாசாலையை அமைத்த மான்ஷார்ட் என்பவரும் சிகாகோ சர்வகலாசாலையில் கற்றவரே. சுதந்திரம் பெற்ற பிறகு சட்டங்கள் பல வந்தன. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், மாவட்டந்தோறும் குழந்தைப் பாதுகாப்பு அலகு வேண்டுமென்கிறது. ஆனால் அந்த அலகுகளில் பெரும்பாலும் ஒப்பந்த முறையிலேயே ஆட்கள் அமர்த்தப்படுகின்றனர். அடுத்த வருஷம் வேலை இருக்குமோ இராதோ என்று கலங்குபவர், திக்கற்ற குழந்தைக்கு எவ்வாறு திக்காக முடியும்?

தேசத்தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. தியாகத்தைப் போற்றுவது நம் மரபு, அதில் குற்றமில்லை. ஆனால் பிறருடைய தியாகத்தை நம்பி ஒரு பொறுப்பைத் தள்ளிவிடுவது சோம்பலே ஆகும். குழந்தைகளுக்காக உழைக்க வரும் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் ஜீவனத்துக்குப் போதிய சம்பளமும், முறையான பயிற்சியும், துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளத் தோழர்களும், கட்சி மாறினாலும் அசையாத ஸ்தானமும் வேண்டும். இவற்றைச் சர்க்காரிடம் கேட்டுப் பெறுவதும் அரசியல் கிளர்ச்சியே. உங்கள் ஊரிலுள்ள நன்னடத்தை அதிகாரி யார், அவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார், அவருக்கு முன்னிருந்தவர் ஏன் போனார் என்று அடுத்த கூட்டத்தில் விசாரியுங்கள். ஆடம்ஸ் அம்மையாரின் பெயருக்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே.